வெனிஸ் நகர வணிகன் (நாடகம்)

வெனிஸ் நகர வணிகன் என்பது ஆங்கில நாடகாசிரியர் வில்லியம் ஷேக்ஸ்பியர் எழுதிய இன்பியல் நாடகம் ஆகும். இது 1596க்கும் 1598க்கும் இடைப்பட்ட காலத்தில் எழுதப்பட்டதாகக் கருதப்படுகிறது. 1600 இல் முதன்முதலாக அச்சிடப்பட்டது. தலைப்பில் குறிப்பிடப்படும் வணிகன் அன்டோனியோ ஆவான். அவனுக்குக் கடன் கொடுத்த ஷைலாக்கையே தலைப்பு சுட்டுகிறது என்று எண்ணுவோரும் உளர்.

கதைச் சுருக்கம்

பசானியோ, போர்ஷியா என்னும் செல்வப் பெண்ணை மணக்க விரும்புகிறான். அதற்கான செலவுக்காக அவனுடைய நண்பன் அன்டோனியோ, யூதரான ஷைலாக்கிடம் 3000 டக்கட் பொற்காசுகளை மூன்று மாதத் தவணையில் கடன் பெறுகிறான். தவணை தவறினால் அன்டோனியோவின் உடலிலிருந்து ஒரு இராத்தல் தசையை ஷைலாக் வெட்டி எடுத்துக்கொள்ளலாம் என்பது ஒப்பந்தம். கப்பல்கள் மூழ்கியதாகச் செய்தி வர, வழக்கு மன்றம் ஏறுகிறது. ஆண் வேடத்தில் சட்ட அறிஞராக வரும் போர்ஷியா, ஒப்பந்தத்தில் தசை மட்டுமே உண்டு, ஒரு துளி இரத்தமும் சிந்தக்கூடாது என்று வாதிட்டு அன்டோனியோவைக் காப்பாற்றுகிறாள்.

கடலும் கடனும்

அன்டோனியோவின் செல்வம் முழுவதும் கடலில் உள்ளது. அவனுடைய கப்பல்களில் ஒன்று இந்தியாவுக்கும் சென்றிருந்தது. மற்றொன்று ஆங்கிலக் கால்வாயை ஒட்டிய கூட்வின் மணல்திட்டுகளில் மோதி உடைந்ததாக மூன்றாம் அங்கத்தில் செய்தி வருகிறது. கரையிலிருந்து பார்ப்பவருக்கு ஆழம் தெரியாத இத்தகைய திட்டுகள் தமிழ் வாசகர்களுக்குப் புதியன அல்ல. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே உள்ள இராமர் பாலத் திட்டுகளில் நீர் மிகவும் ஆழம் குறைந்திருப்பதால், பெரிய கப்பல்கள் இன்றும் அவ்வழியே செல்லாமல் இலங்கையைச் சுற்றியே செல்கின்றன. 1964 டிசம்பர் 22-23 இரவில் வீசிய புயலில் தனுஷ்கோடித் துறைமுகமும் ஊரும் அழிந்ததை அறிந்தவர்களுக்கு, கடலை நம்பிய ஒருவனின் நிலை ஒரே செய்தியில் மாறிவிடுவது நாடகச் செயற்கையாகத் தோன்றாது.

ஷைலாக்கின் பாத்திரம்

நம் ஊர்க் கந்துவட்டிக்காரர்களை நினைவில் வைத்து ஷைலாக்கை விளங்கிக்கொள்ள முயல்வது பொதுவான பிழையாகும். வட்டி வாங்குவது அவனுடைய தொழில்தான். ஆனால் இந்தக் கடனுக்கு அவன் வட்டியே கேட்பதில்லை. மன்றத்தில் அசலைப் போல் இருமடங்கு தருவதாகச் சொன்னபோதும் மறுத்துவிடுகிறான். பேராசை கொண்டவன் மறுக்கும் தொகை அன்று அது. அவனுக்கு வேண்டியது பழி.

அப்பழிக்கான காரணத்தையும் நாடகமே தருகிறது. அன்டோனியோ அவனைப் பொது இடத்தில் நாயென்று இகழ்ந்தவன், அவன் மீது உமிழ்ந்தவன். வெனிஸ் நகரில் 1516 முதல் யூதர்கள் தனிச் சேரியில் வாழுமாறு கட்டாயப்படுத்தப்பட்டனர். இங்கிலாந்திலிருந்து அவர்கள் 1290 இலேயே வெளியேற்றப்பட்டிருந்ததால், ஷேக்ஸ்பியரின் பார்வையாளர்களில் பெரும்பாலோர் யூதரைப் பற்றிக் கட்டுக்கதைகளையே கேட்டிருப்பர். தானும் பிறரைப் போன்ற உடலும் உணர்வும் உடையவனே என்று ஷைலாக் வாதிடும் புகழ்பெற்ற பேச்சு அவர்கள் முன் ஒலித்தது. ஆயினும் அப்பேச்சு சமத்துவம் கோருவதோடு நிற்பதில்லை. பழிவாங்கும் உரிமையைக் கோரி முடிகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

அதே காட்சியில் சிறிய செய்தியொன்று வருகிறது. வீட்டை விட்டு ஓடிய மகள் ஜெசிக்கா, தந்தையின் மோதிரம் ஒன்றைக் கொடுத்து ஒரு குரங்கை வாங்கியிருக்கிறாள். அது மணமாகுமுன் ஷைலாக்கிற்கு லேயா கொடுத்த மோதிரம். எவ்வளவு கொடுத்தாலும் அதை விற்றிருக்க மாட்டேன் என்று அவன் வருந்துகிறான். பின்னர் பசானியோவும் கிராசியானோவும் தம் மனைவியர் அணிவித்த மோதிரங்களை எளிதில் கழற்றிக் கொடுத்துவிடுகின்றனர். இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் படித்தால் நாடகத்தின் நல்லவர், தீயவர் கணக்கு குழம்பிவிடும்.

இரக்கமும் தீர்ப்பும்

போர்ஷியா மன்றத்தில் இரக்கத்தின் பெருமையைப் பேசுகிறாள். ஆனால் வென்ற பிறகு ஷைலாக்கின் சொத்து பறிபோகிறது. அவன் கிறித்தவனாக மாறவேண்டும் என்ற நிபந்தனையும் விதிக்கப்படுகிறது. அன்றைய பார்வையாளர் பலருக்கு இது ஆன்மாவைக் காக்கும் கருணையாகத் தோன்றியிருக்கலாம். இன்று அப்படிப் படிப்பது கடினம். ஐந்தாம் அங்கத்தில் நிலவொளியும் இசையும் கேலியும் நிறைந்திருக்க, ஷைலாக் மேடையில் இல்லை. 1814 இல் எட்மண்ட் கீன் நடித்ததிலிருந்து அவனைத் துயரப் பாத்திரமாகக் காட்டும் மரபு வலுப்பெற்றது.

தமிழில்

1891 இல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்த பம்மல் சம்பந்த முதலியார் இந்நாடகத்தை வாணிபுர வணிகன் என்ற பெயரில் தமிழ்ப்படுத்தினார். ஹாம்லெட்டை அமலாதித்யன் எனவும் மாக்பெத்தை மகபதி எனவும் ஒலிநயம் கெடாமல் பெயர் மாற்றியவர் அவர். வழக்கறிஞராக இருந்து பின்னர் சிறுவழக்கு நீதிமன்ற நீதிபதியான ஒருவர் இந்த மன்றக் காட்சியைத் தமிழுக்குக் கொண்டுவந்தது பொருத்தமே. கதைக்களத்தை இந்தியாவிற்கு மாற்றும்போது யூதரின் வரலாற்றுப் பின்னணி மறைந்து, கடன்காரனின் கொடுமை மட்டும் எஞ்சும் இடர் இத்தகைய தழுவல்கள் எல்லாவற்றிற்கும் உண்டு. 1940 இல் செருகளத்தூர் சாமா நடித்த ஷைலக் என்ற தமிழ்த் திரைப்படமும் இக்கதையைத் தழுவி வெளிவந்தது.