அலன் வீதி எக்ளின்ரனில் ஏன் முடிகிறது?



401 நெடுஞ்சாலையிலிருந்து அலன் வீதியில் தெற்கே இறங்கியவர்களுக்குத் தெரியும். வேகமாக வந்த வாகனம் எக்ளின்ரன் சந்தியில் முடங்கி நிற்கும். "அரைகுறையாக விட்ட வீதி" என்று அலுத்துக்கொள்வோம். அது தானாக நின்ற வீதி அல்ல, சனங்கள் மறித்த வீதி.

அதன் முதற்பெயர் ஸ்பாடைனா விரைவுச்சாலை. சீடர்வேல் பள்ளத்தாக்கையும் அனெக்ஸ் குடியிருப்பையும் ஊடறுத்து நகர மையம் வரை கொண்டுசெல்வதே திட்டம். 1960களின் தொடக்கத்தில் ரொறன்ரோ பெருநகர சபை அதனை அங்கீகரித்தது. கேட்டவர்களிடமும் நியாயம் இருந்தது. நோர்த் யோர்க் வளர்ந்துகொண்டிருந்தது; 1964 இல் திறந்த யோர்க்டேல் கடைத்தொகுதியும் இவ்வீதியை நம்பியே எழுந்தது. ஆனால் வழியிலிருந்த வீடுகள் இடிபட வேண்டும்.

1969 இல் வீட்டுக்காரரும் மாணவரும் பேராசிரியர்களும் எதிர்ப்புக் குழுவாகத் திரண்டார்கள். ஜேன் ஜேக்கப்ஸ் அம்மையாரும் சேர்ந்துகொண்டார். நியூயோர்க்கில் இப்படியொரு வீதியை எதிர்த்தவர் அவர். தமது மகன்மார் வியட்நாம் போருக்குப் பிடிபடக்கூடாது என்று 1968 இல் குடும்பத்தோடு இங்கு வந்தவர்.

கணக்காளனான எனக்கு முக்கியமாகப் படுவது அடுத்த கட்டம். அங்கீகரித்த பணம் போதவில்லை. மேலும் கடன்படுவதற்கு ஒன்ராறியோ முனிசிப்பல் போர்ட் என்ற நியாயசபையின் அனுமதி வேண்டியிருந்தது. அந்த விசாரணைதான் சனங்களுக்குத் திறந்த கதவு. 1971 இன் தொடக்கத்தில் சட்டத்தரணியோடு போய்த் தமது வாதத்தை வைத்தார்கள். மூவரில் இருவர் வீதிக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார்கள். தலைவர் மட்டும் மறுத்தார். தோற்றவர்கள் வீட்டுக்குப் போகவில்லை. மாகாண அமைச்சரவைக்கு மேன்முறையீடு செய்தார்கள். 1971 ஜூன் 3 ஆம் திகதி முதலமைச்சர் பில் டேவிஸ் திட்டத்தை நிறுத்தினார். போக்குவரத்து மனிதருக்காகவே தவிர வாகனத்துக்காக அல்ல என்பது அவர் சொன்ன நியாயம்.

வீதி எக்ளின்ரனோடு நின்றது. 1978 இல் ஸ்பாடைனா சுரங்க ரயில் ஓடத் தொடங்கியது. எங்கள் ஸ்காபரோவுக்கூடாகத் திட்டமிட்ட விரைவுச்சாலையும் பின்னர் கட்டப்படவில்லை.

இதை ஏன் சொல்கிறேன்? 1990 இல் வலிகாமம் வடக்குச் சனங்கள் இடம்பெயர்ந்தார்கள். அவர்களுடைய காணிகள் உயர் பாதுகாப்பு வலயமானபோது ஒருவரும் அவர்களது விருப்பத்தைக் கேட்கவில்லை. அப்படியான அனுபவத்தோடு வந்த நாங்கள், "பொதுக் கலந்துரையாடல்" என்று கடதாசி வந்தால் விளம்பரத் தாள்களோடு எறிந்துவிடுகிறோம். முடிவை முன்கூட்டியே எடுத்துவிட்டார்கள் என்று நினைக்கிறோம். சிலவேளை அது உண்மையாகவும் இருக்கலாம். ஸ்பாடைனாவிலும் முடிவெடுத்து, வீதியின் ஒரு பகுதியைத் திறந்தும் விட்டார்கள். அதன் பிறகுதான் சனங்கள் வென்றார்கள்.

நகரசபைக் குழுக்களின் முன் பேசுவதற்குக் குடியுரிமை தேவையில்லை. கடதாசி வந்தால் மூன்று விடயங்களைத் தேடுங்கள்: கருத்துச் சொல்லக் கடைசித் திகதி எது? முடிவெடுப்பவர் யார்? பணத்துக்கு அனுமதி கொடுப்பவர் யார்? ஆங்கிலம் சரளமாக வராவிட்டால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். அவர்களும் பழகிக்கொள்ளட்டும்.