தமிழ்நாட்டில் கிறித்தவ சபை ஒன்றிப்பு

தமிழ்நாட்டில் கிறித்தவ சபை ஒன்றிப்பு என்பது, பல்வேறு ஐரோப்பிய, அமெரிக்க மிஷன்களின் வழியாகத் தனித்தனிச் சபைகளாக உருவான தமிழ்க் கிறித்தவர்கள் ஒரே திருச்சபையாக இணைவதற்கு மேற்கொண்ட முயற்சிகளைக் குறிக்கும். இம்முயற்சிகளின் முதன்மையான விளைவு 1947 செப்டம்பர் 27 அன்று சென்னையில் தொடங்கப்பட்ட தென்னிந்தியத் திருச்சபை (சி.எஸ்.ஐ.) ஆகும். பேராயர்களைக் கொண்ட ஆங்கிலிக்கன் சபையும், பேராயர் முறை இல்லாத சபைகளும் ஒரே அமைப்பாக இணைந்தமை, அதற்கு முன் வேறெங்கும் நிகழாத ஒன்றாகக் கருதப்படுகின்றது. எனினும் கத்தோலிக்கர், லுத்தரன் சபையினர், பெந்தெகொஸ்தே சபையினர் ஆகியோர் இவ்விணைப்புக்கு வெளியே உள்ளனர்.

பிரிவினையின் தோற்றம்

தமிழ்நாட்டில் கிறித்தவ சபைகளுக்கு இடையிலான பிரிவினை, தமிழ்க் கிறித்தவர்களிடையே எழுந்த இறையியல் சச்சரவுகளால் தோன்றியதன்று. ஐரோப்பாவில் 16ஆம் நூற்றாண்டு முதல் ஏற்பட்ட பிளவுகள் மிஷன்களோடு இங்கு வந்து சேர்ந்தன. கத்தோலிக்க மதுரை மிஷனில் இராபர்ட் தெ நொபிலி 1606இல் பணியைத் தொடங்கினார். அதற்குச் சரியாக 100 ஆண்டுகளுக்குப் பின், 1706 சூலை 9 அன்று லுத்தரன் மறைபணியாளர் சீகன்பால்க் தரங்கம்பாடியில் வந்திறங்கினார். 19ஆம் நூற்றாண்டில் மேலும் பல மிஷன்கள் வந்தன.

ஒருவர் பணி செய்யும் பகுதியில் மற்றவர் நுழைவதில்லை என்ற உடன்பாட்டை மிஷன்கள் பெரும்பாலும் பின்பற்றின. இதனால் ஒருவர் எந்தச் சபையைச் சேர்ந்தவர் என்பதை அவர் பிறந்த ஊரே தீர்மானித்தது. பொதுவாக நிலைமை பின்வருமாறு இருந்தது:

• திருநெல்வேலிச் சீமை: ஆங்கிலிக்கன் (சி.எம்.எஸ்., எஸ்.பி.ஜி. ஆகிய இரு சங்கங்கள்)
• கன்னியாகுமரி உள்ளிட்ட தென் திருவிதாங்கூர்: இலண்டன் மிஷன்
• மதுரை, திண்டுக்கல், பழனிப் பகுதிகள்: அமெரிக்க மதுரை மிஷன் (காங்கிரிகேசனல்)
• தஞ்சை, தரங்கம்பாடிப் பகுதிகள்: லைப்சிக் மிஷன் (லுத்தரன்), வெசிலியன் மெதடிஸ்டு மிஷன்
• வட ஆர்க்காடு: அமெரிக்க ஆர்க்காடு மிஷன் (சீர்திருத்த சபை)
• செங்கற்பட்டு: இசுக்காத்துலாந்து பிரெசுபிட்டேரியன் மிஷன்

பிழைப்புக்காகவோ திருமணத்தாலோ ஒருவர் வேறு மாவட்டத்துக்குக் குடிபெயர்ந்தால், அங்குள்ள சபையில் அவர் அயலார் ஆனார். ஞானஸ்நானம் பெற்றவராயினும் திருவிருந்தில் அவருக்கு இடம் இருப்பது உறுதியன்று.

சொல் வழக்குகளில் பிரிவினை

இப்பிரிவினை தமிழ் மொழியிலும் பதிந்தது. ஒரே விவிலிய மாந்தருக்கும் ஒரே சடங்குக்கும் இரு சபையினரும் வெவ்வேறு பெயர் வழங்கினர். கத்தோலிக்கர் இராயப்பர், சின்னப்பர், அருளப்பர் என்று அழைத்தவர்களைச் சீர்திருத்த சபையினர் பேதுரு, பவுல், யோவான் என்று அழைத்தனர். கத்தோலிக்கரின் 'சர்வேசுரன்' சீர்திருத்த சபையினருக்குத் 'தேவன்' ஆனார். அங்கு 'நற்கருணை' எனப்பட்டது, இங்கு 'இராப்போஜனம்' அல்லது 'திருவிருந்து' எனப்பட்டது. ஒருவர் பேசத் தொடங்கிய சிறிது நேரத்திலேயே அவருடைய சபை எது என்று கேட்பவர் அறிந்துகொள்ள முடிந்தது.

சீர்திருத்த சபைகளுக்குள்ளும் விவிலிய மொழிபெயர்ப்பு ஒன்றாக இருக்கவில்லை. ஹென்றி பவர் தலைமையில் பல மிஷன்கள் சேர்ந்து செய்த திருத்தம் 1871இல் வெளியானது. அது பல சபைகளுக்கும் பொதுவானது என்பதால் 'யூனியன்' மொழிபெயர்ப்பு எனப்பட்டது. எனினும் லுத்தரன் சபையினர் நெடுங்காலம் ஃபெப்ரீசியசின் பழைய மொழிபெயர்ப்பையே விரும்பிப் பயன்படுத்தினர்.

தொடக்ககால முயற்சிகள்

வெளிநாட்டு மிஷன்களின் பெயரால் பிரிந்து கிடப்பதை ஏற்காத குரல்கள் 19ஆம் நூற்றாண்டிலேயே எழுந்தன. 1857இல் நாசரேத்துக்கு அருகிலுள்ள பிரகாசபுரத்தில் அருமைநாயகம் என்னும் சட்டாம்பிள்ளை, ஐரோப்பிய மிஷனரிகளிடமிருந்து விலகித் தனிச் சபையை நிறுவினார். பிரித்தானியாவில் மருத்துவப் பட்டம் பெற்ற தமிழரான புல்னி ஆண்டி, 1886இல் சென்னையில் 'தேசிய சபை'யைத் தொடங்கினார். எந்த மேலைச் சபைப் பெயரையும் சாராத ஒரே இந்தியத் திருச்சபை என்பதே அவரது நோக்கம். இவை பெரிய அளவில் வளரவில்லை. ஆனாலும் பிரிவினை தங்களுடையதன்று என்னும் எண்ணத்தை இவை வெளிப்படையாக முன்வைத்தன.

மிஷன்களின் பக்கத்திலும் இணைப்புகள் நிகழ்ந்தன. 1901இல் பிரெசுபிட்டேரியன் பிரிவினர் சிலரும், 1905இல் காங்கிரிகேசனல் பிரிவினரும் தத்தமக்குள் இணைந்தனர். 1908இல் இவ்விரு பிரிவினரும் சேர்ந்து தென்னிந்திய ஐக்கிய சபையை (எஸ்.ஐ.யு.சி.) உருவாக்கினர். யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷன் சபைகளும் இதில் அடங்கும்.

பழனி மலைப்பகுதியின் பங்கு

வெவ்வேறு மிஷன்களைச் சேர்ந்தோர் ஒருவரையொருவர் நெருங்கி அறிய வாய்ப்பளித்த இடங்களுள் கொடைக்கானல் ஒன்று. அமெரிக்க மதுரை மிஷன் குடும்பங்கள் சமவெளியின் காய்ச்சலுக்கு அஞ்சி 1845இல் அங்கு முதல் வீடுகளைக் கட்டின. பின்னர் மற்ற மிஷன்களைச் சேர்ந்தோரும் கோடைக்காலத்தில் அங்கு கூடினர். சமவெளியில் எல்லை பிரித்துப் பணி செய்தவர்கள், மலையில் ஒன்றாக வழிபட்டனர், கலந்துரையாடினர். மிஷனரிகளின் பிள்ளைகளுக்காக 1901இல் அங்கு ஒரு பள்ளி தொடங்கப்பட்டது. அதைத் தொடங்கியவர்களுள் ஒருவரான மார்கரெட் எடியின் மகன் ஷெர்வுட் எடி, பின்னர் தரங்கம்பாடி மாநாட்டில் பங்கேற்றார்.

அதே மலையில் செண்பகனூரில் இயேசு சபையினர் 1895இல் திரு இருதயக் கல்லூரியை நிறுவினர். கத்தோலிக்கரும் சீர்திருத்த சபையினரும் ஒரே மலையில் அருகருகே இருந்தும் அக்காலத்தில் கூட்டு வழிபாடு என்பது நினைத்துப் பார்க்கப்படாத ஒன்றாகும். பாச்சலூர் போன்ற கீழ்ப்பழனி மலை ஊர்களை உள்ளடக்கிய இப்பகுதி, இன்று தென்னிந்தியத் திருச்சபையின் மதுரை-இராமநாதபுரம் திருமண்டல எல்லைக்குள் வருகின்றது.

தரங்கம்பாடி அறிக்கை (1919)

1919 மே மாதம் 1, 2 ஆகிய நாட்களில் தரங்கம்பாடியில் 33 பேர் கூடினர். இருவரைத் தவிர அனைவரும் இந்தியர். ஆங்கிலிக்கன் சபையின் வே. ச. அசரியாவும், தென்னிந்திய ஐக்கிய சபையின் வே. சந்தியாகுவும் இதில் முன்னின்றனர். அசரியா 1874இல் திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்தவர். 1912இல் தோர்ணக்கல் பேராயராகி, ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனவர்.

முதல் உலகப்போர் முடிந்து சில மாதங்களே ஆகியிருந்த காலம் அது. தாங்கள் உருவாக்காத பிரிவினைகள் தங்கள் மீது சுமத்தப்பட்டுள்ளன என்றும், அவற்றால் நற்செய்திப் பணி வலுவிழக்கின்றது என்றும் அவர்கள் அறிக்கை விடுத்தனர். இணைப்புக்கு நான்கு அடிப்படைகள் முன்மொழியப்பட்டன:

1. திருமறை
2. அப்போஸ்தலர் விசுவாசப் பிரமாணமும் நைசியா விசுவாசப் பிரமாணமும்
3. ஞானஸ்நானம், திருவிருந்து ஆகிய இரு திருநியமங்கள்
4. உள்ளூர்ச் சூழலுக்கேற்ப அமைந்த, வரலாற்று வழிவந்த பேராயர் முறை

28 ஆண்டுப் பேச்சுவார்த்தை

1920இல் கூட்டுக்குழு பணியைத் தொடங்கியது. பின்னர் மெதடிஸ்டு சபையும் இதில் சேர்ந்தது. முதல் இணைப்புத் திட்டம் 1929இல் வெளியாகிப் பலமுறை திருத்தப்பட்டது.

பேச்சுவார்த்தையின் மையச் சிக்கல் குருத்துவம் பற்றியதாகும். பேராயரின் கைகளால் அருட்பொழிவு பெறாத போதகர் திருவிருந்தை நடத்தலாமா என்று ஆங்கிலிக்கர் வினவினர். மீண்டும் அருட்பொழிவு பெறச் சொல்வது தங்கள் இதுவரையிலான ஊழியத்தை மறுப்பதாகும் என்று மற்றச் சபையினர் கூறினர். இறுதியில் ஒரு தீர்வு எட்டப்பட்டது. இணைப்பின்போது இருக்கும் போதகர் அனைவரும் அப்படியே ஏற்றுக்கொள்ளப்படுவர். அதற்குப் பின் நிகழும் அருட்பொழிவுகள் யாவும் பேராயர்களாலேயே நடைபெறும். 30 ஆண்டுகள் இடைக்காலமாக அமையும். எந்தச் சபைக்கும் அதற்குப் பழக்கமில்லாத ஊழிய முறையோ வழிபாட்டு முறையோ திணிக்கப்படாது என்ற உறுதிமொழியும் சேர்க்கப்பட்டது.

இத்திட்டத்துக்கு இங்கிலாந்தில் கடும் எதிர்ப்பு இருந்தது. கவிஞர் தா. எஸ். எலியட் 1943இல் இதைக் கண்டித்துச் சிறுநூல் ஒன்று வெளியிட்டார். அதே ஆண்டில் மெதடிஸ்டு சபை திட்டத்தை ஏற்றது. ஆங்கிலிக்கன் சபையின் பொது மன்றம் 1945 சனவரியிலும், தென்னிந்திய ஐக்கிய சபை 1946இலும் ஒப்புதல் அளித்தன. இணைப்புக்காக கால் நூற்றாண்டு உழைத்த அசரியா, ஆங்கிலிக்கன் ஒப்புதல் கிடைத்த அதே மாதத்தின் முதல் நாளில், 1945 சனவரி 1 அன்று, காலமானார்.

இணைப்பு விழா (1947)

இந்தியா விடுதலை அடைந்து ஆறு வாரங்களுக்குப் பின், 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் இணைப்பு விழா நடைபெற்றது. திருவிதாங்கூர் பேராயர் சி. கே. ஜேக்கப் தலைமை தாங்கினார். அன்றே ஒன்பது புதிய பேராயர்கள் அருட்பொழிவு பெற்றனர். புதிய திருச்சபை 14 திருமண்டலங்களையும் ஏறத்தாழ 10 இலட்சம் உறுப்பினர்களையும் கொண்டிருந்தது. மைக்கேல் ஹாலிஸ் முதல் பிரதமப் பேராயர் ஆனார். யாழ்ப்பாணத் திருமண்டலத்தின் முதல் பேராயர் சபாபதி குலேந்திரன் ஆவார்.

மதுரை-இராமநாதபுரம் திருமண்டலத்துக்கு 37 வயதான லெஸ்லி நியூபிகின் பேராயரானார். இவர் பேராயர் முறையே இல்லாத இசுக்காத்துலாந்து பிரெசுபிட்டேரியன் சபையிலிருந்து வந்தவர். அமெரிக்க மிஷனின் சபைகளும் ஆங்கிலிக்கன் சபைகளும் இவருடைய பொறுப்பில் ஒன்றாயின.

1950இல் வெளியான புதிய திருவிருந்து வழிபாட்டு முறை பல நாட்டுச் சபைகளின் கவனத்தைப் பெற்றது. இதில் சமாதான வாழ்த்து ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்குச் செல்லும் வழக்கம் இடம்பெற்றது. திருச்சபையின் சின்னம் தாமரையின் மேல் அமைந்த சிலுவையாகும். அதன் குறிக்கோளுரை யோவான் நற்செய்தியின் 17ஆம் அதிகாரத்தில் உள்ள ஒருமைப்பாட்டு மன்றாட்டிலிருந்து எடுக்கப்பட்டது.

இணைப்புக்கு வெளியே நின்றவர்கள்

ஆந்திரத்தின் நந்தியாலைச் சேர்ந்த ஆங்கிலிக்கர் பலர் 1947இல் இணையவில்லை. 1948இல் நடந்த லாம்பெத்து மாநாடும் புதிய திருச்சபையுடன் முழு உறவை ஏற்கவில்லை. பிற்காலத்தில் இந்நிலை மாறி, இத்திருச்சபை ஆங்கிலிக்கன் ஒன்றியத்தின் உறுப்பாகவும், உலக மெதடிஸ்டு மன்றத்தின் உறுப்பாகவும் ஆயிற்று.

1919 சனவரியில் உருவான தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை இணைப்பில் சேரவில்லை. 1948 முதல் நீண்ட இறையியல் உரையாடல்கள் நடந்தும் ஒரே திருச்சபை உருவாகவில்லை. ஆயினும் மதுரை அரசரடியில் 1969இல் தொடங்கிய தமிழ்நாடு இறையியல் கல்லூரியை இரு மரபினரும் சேர்ந்து நடத்துகின்றனர். வட இந்தியாவில் 1970 நவம்பர் 29 அன்று நாக்பூரில் வட இந்தியத் திருச்சபை உருவாயிற்று. இலங்கையில் இதைப் போன்ற திட்டம் 1970களின் தொடக்கத்தில் வழக்குகளால் நின்றுபோனது.

கத்தோலிக்கருடன் உறவு

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964 நவம்பரில் கிறித்தவ ஒன்றிப்புப் பற்றிய ஏட்டை வெளியிட்ட பின் நிலைமை மாறியது. சனவரி 18 முதல் 25 வரை கிறித்தவ ஒன்றிப்பு வாரத்தில் கூட்டு மன்றாட்டுகள் நடைபெறலாயின. கத்தோலிக்கரும் சீர்திருத்த சபையினரும் சேர்ந்து உருவாக்கிய பொது மொழிபெயர்ப்பான 'திருவிவிலியம்' 1995இல் வெளியானது. அதில் பேதுரு, பவுல், யோவான் என்னும் பெயர்கள் இரு சபையினருக்கும் பொதுவாயின. எனினும் சீர்திருத்த சபைகளின் வழிபாட்டில் பழைய மொழிபெயர்ப்பே பெரும்பாலும் வாசிக்கப்படுகின்றது.

நற்கருணையை ஒன்றாகப் பெறுவது இன்றும் இயலாததாகும். கத்தோலிக்கர் ஒருவர் சி.எஸ்.ஐ. சபையைச் சேர்ந்தவரை மணக்க ஆயரின் அனுமதி தேவை. ஒரே குடும்பத்தில் கணவனும் மனைவியும் வெவ்வேறு ஆலயங்களில் திருவிருந்து பெறும் நிலை இதனால் தொடர்கின்றது.

சாதியும் புதிய பிளவுகளும்

மிஷன்களால் வந்த எல்லைகள் பேச்சுவார்த்தையால் நீக்கப்பட்டன. சாதியின் எல்லைகள் அவ்வாறு நீங்கவில்லை. 1833இல் ஆங்கிலிக்கப் பேராயர் டேனியல் வில்சன் ஆலயங்களில் சாதி வேறுபாட்டைக் கைவிட ஆணையிட்டபோது, தஞ்சையிலும் சென்னையிலும் கடும் எதிர்ப்பு எழுந்தது. அதனை ஏற்காதவர் பலர் பின்னர் லுத்தரன் சபையில் சேர்ந்தனர். இவ்வாறு சாதியே சபை மாற்றத்துக்குக் காரணமானது. 1960களில் மத்திய கேரளத்தில் தலித் கிறித்தவருள் ஒரு பகுதியினர், பாகுபாட்டைக் காரணங்காட்டித் தென்னிந்தியத் திருச்சபையிலிருந்து பிரிந்து மீண்டும் ஆங்கிலிக்கன் பெயரை ஏற்றனர். தமிழ்நாட்டில் சில ஊர்களில் ஒரே சபையைச் சேர்ந்தவர்க்கே சாதி வாரியாகக் கல்லறைத் தோட்டங்கள் தனித்தனியே உள்ளன.

யாழ்ப்பாணத்தில் 2007ஐ ஒட்டிப் பேராயர் தேர்வு தொடர்பான பிணக்கால் ஒரு பகுதியினர் பிரிந்தனர். அவர்கள் அமைத்த சபை, 60 ஆண்டுகளுக்கு முன் கைவிடப்பட்ட அமெரிக்க மிஷனின் பெயரை மீண்டும் சூடிக்கொண்டது. இவை தவிர, 20ஆம் நூற்றாண்டில் பெருகிய பெந்தெகொஸ்தே சபைகளும் தனிச் சபைகளும் எந்த இணைப்புத் திட்டத்திலும் அடங்காதவை.

மதிப்பீடு

தென்னிந்தியத் திருச்சபையின் உருவாக்கம், வெவ்வேறு மரபுகளைச் சேர்ந்தோர் தத்தம் ஊழியத்தை மறுக்காமலேயே ஒன்றாக முடியும் என்பதைக் காட்டியது. குடிபெயர்ந்து வரும் உறுப்பினர் எந்த மாவட்டத்திலும் திருவிருந்தில் அமர முடிந்தது இதன் நேரடிப் பயனாகும். அதே வேளையில், நிருவாக இணைப்பு மட்டுமே மனித வேறுபாடுகளை நீக்குவதில்லை என்பதையும் பிற்கால நிகழ்வுகள் காட்டுகின்றன. தரங்கம்பாடியில் கூடியவர்கள் பிரிவினையைத் தங்கள் மீது பிறர் சுமத்திய சுமை என்றனர். சாதியைப் பற்றி அவ்வாறு கூற இயலாது என்பதே ஒன்றிப்பை நாடும் இன்றைய தமிழ்க் கிறித்தவர் முன் உள்ள கடினமான கேள்வியாகும்.