குயவர் தொழிலும் முக்காரண உண்மையும்

உலகம் காரியமாதலின் அதனைச் செய்வான் ஒருவன் உளன் என நிறுவப் புகுந்த நம் சித்தாந்த ஆசிரியர்கள் குடத்தையே உவமையாகப் பெரிதும் எடுத்தாண்டனர். மண் முதற்காரணம், தண்டசக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணன். இவை முறையே மாயைக்கும் சத்திக்கும் சிவத்திற்கும் ஒப்பாவன.

இவ்வுவமை ஏட்டளவில் தோன்றியதன்று. நம் நாட்டில் அத்தொழில் மிகத் தொன்மையது. புறநானூற்றின் 228, 256-ஆம் செய்யுட்கள் இறந்தோரை இடும் தாழி வனையும் குயவனை விளித்தெழுந்தன. அரசனைக் குறிக்கும் ‘கோ’ என்னும் சொல்லே ஆங்கு அவனுக்கும் வழங்கியது. தாமிரபரணிக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூரில் ஜாகோர் என்னும் ஜெர்மானியர் 1876-இல் அகழ்ந்தபோது, அத்தகைய முதுமக்கட்டாழிகள் வெளிப்பட்டன. வைகைக் கரையிலுள்ள கீழடியிலோ பழந்தமிழ் எழுத்தில் பெயர் கீறிய ஓடுகளே கிடைத்துள்ளன. அடியார்க்குத் திருவோடு வனைந்தளித்த திருநீலகண்டநாயனார் தில்லையில் வேட்கோவர் குலத்துத் தோன்றியருளியதும் ஈண்டு நினையத்தக்கது.

இனி, ஒரு தடை. சீன நாட்டுச் சியான்ரெண்டோங் குகையிற் கிடைத்த ஓடுகள் ஏறத்தாழ 20,000 ஆண்டுப் பழமையுடையன என ஆராய்ச்சியாளர் கணித்துள்ளனர். அவை சக்கரமின்றிக் கையால் வனையப்பட்டவை. சக்கரம் தோன்றியது பதினாயிரம் ஆண்டிற்கு மேற் கழிந்த பின்னரே. சக்கரமின்றியும் கலம் உண்டாயிற்று எனின், துணைக்காரணம் வேண்டாவாம்; ஆகவே காரணம் மூன்றென்றல் பொருந்தாதெனச் சிலர் வினவக்கூடும்.

அற்றன்று. ஆங்குக் கையே கருவியாயிற்று. கருவி மாறியதன்றித் துணைக்காரணம் ஒழிந்ததில்லை. இன்னும் நோக்குவார்க்கு, இப்பழங்கலம் நம் கொள்கையைத் தளர்த்தாது வலியுறுத்துதல் விளங்கும். சக்கரம் குயவனின் வேறாய பொருள். சத்தியோ சிவத்தின் வேறாகாதது. உவமை ஒருபுடை ஒப்பேயாதலின் அவ்வேறுபாட்டை நாம் பொறுத்துக் கொண்டோம். கையோ வனைவானைப் பிரிந்து நில்லாதது. ஆதலின், கையால் வனைந்த கலம் சிவசத்தியின் பிரிப்பின்மையைச் சக்கரத்தினும் அணித்தாய்க் காட்டுகின்றது.

மற்றொன்று. மண்ணுட் புதைந்த ஓட்டைக் காணும் ஆராய்ச்சியாளர் அதனை வனைந்தானைக் கண்டாரல்லர். அவன் பெயரும் அறியார். எனினும், அது தானே உண்டாயிற்று என்பார் அவருள் ஒருவருமிலர். காரியங் கொண்டு கருத்தாவை உணரும் அனுமானம் அவர்க்கும் நமக்கும் ஒன்றே. உடைந்த ஓடொன்றிற்குச் செய்தானை வேண்டுவார், ஒழுங்குற அமைந்து இயங்கும் இவ்வுலகிற்கு மட்டும் ஒருவனை வேண்டாமை என்னையோ? அறிவுடையோர் ஆய்ந்து கொள்க.