ஏட்டில் பிறந்த சாரதி

அயர்லாந்துப் பொலிஸாரின் கணினிப் பதிவுகளில் ஒரு காலத்தில் பிராவோ யாஸ்டி என்றொரு சாரதி இருந்தார். நாட்டின் பல பகுதிகளிலும் அவர் போக்குவரத்து விதிகளை மீறினார். பிடிபட்ட இடங்களில் எல்லாம் வெவ்வேறு முகவரிகளைக் கொடுத்தார். ஐம்பதுக்கு மேற்பட்ட அடையாளங்களோடு உலாவிய இந்த மனிதரை ஒருவராலும் நெருங்க முடியவில்லை.

2007 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் போக்குவரத்துப் பிரிவு அதிகாரி ஒருவருக்கு ஐயம் எழுந்தது. விசாரித்துப் பார்த்தார். போலந்து மொழியில் ‘பிராவோ யாஸ்டி’ என்றால் ‘சாரதி அனுமதிப்பத்திரம்’ என்று பொருள். அந்நாட்டு அனுமதிப்பத்திரத்தின் மேல் மூலையில் அச்சிடப்பட்டிருக்கும் தலைப்பைத்தான் பொலிஸார் உரியவரின் பெயரென்று கருதி எழுதியிருந்தனர். உண்மையான பெயர் அதன் கீழே சிறிய எழுத்தில் இருந்தது. தமது சக அதிகாரிகளுக்கு இதனை விளக்கிச் சுற்றறிக்கை எழுதிய அவர், இது வெட்கத்துக்குரிய விடயம் என்பதை மறைக்கவில்லை. 2009 பெப்ரவரியில் செய்தி பத்திரிகைகளுக்கு எட்டியது. அவ்வாண்டு இலக்கியத்துக்கான இக் நோபல் பரிசு, அதாவது நோபல் பரிசைக் கேலி செய்து வழங்கப்படும் அந்தப் பரிசு, அயர்லாந்துப் பொலிஸாருக்குக் கிடைத்தது.

அந்தப் பொலிஸ்காரரை நான் அதிகம் குறை சொல்ல மாட்டேன். 2004 மே மாதத்தில் போலந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தபோது, அதன் தொழிலாளருக்கு உடனடியாகக் கதவைத் திறந்துவிட்ட மிகச் சில நாடுகளுள் அயர்லாந்தும் ஒன்று. சில ஆண்டுகளுக்குள் பெருந்தொகையானோர் அங்கு குடியேறினர். முன்பின் அறியாத மொழியில் ஓர் அட்டையை வீதியோரத்தில் நின்று வாசிப்பவனுக்கு எது பெயர், எது தலைப்பு என்று எப்படித் தெரியும்? புலம்பெயர்ந்த நம்மவர்களுக்கு இது புதிய கதையன்று. தகப்பனின் பெயரைக் குடும்பப் பெயராக்கி, சொந்தப் பெயரைப் பாதியில் வெட்டி, முதலெழுத்தைத் தொலைத்துவிட்ட எத்தனையோ அரசாங்கப் பத்திரங்களை நம்மவர்கள் பெட்டிகளில் வைத்திருக்கிறார்கள்.

அயர்லாந்தில் நடந்த பிழையால் ஆதாயமடைந்தவர்கள் பிடிபட்ட சாரதிகளே. ஒருவர் பத்து முறை குற்றம் செய்தாலும் அவரது உண்மைப் பெயரில் ஒரு பதிவும் சேராது. ஆனால் ஏட்டின் பிழை எப்போதும் இவ்வளவு தாராளமாக நடந்துகொள்வதில்லை.

1979 ஆம் ஆண்டு லொஸ் ஏஞ்சல்ஸ்வாசி ஒருவர் தமது காருக்கு விருப்ப இலக்கத்தகடு கேட்டு விண்ணப்பித்தார். படகு ஓட்டுவதில் பிரியமுள்ள அவர் அதனைக் குறிக்கும் இரண்டு சொற்களை முதல் இரு விருப்பங்களாக எழுதினார். மூன்றாவதற்கான இடத்தில் ‘நோ பிளேட்’ என்று எழுதினார். அவ்விரண்டும் கிடையாவிட்டால் தகடே வேண்டாம் என்பது அவரது கருத்து. கலிபோர்னியாவின் மோட்டார் வாகனத் திணைக்களம் அதனை மூன்றாவது விருப்பமாகவே எடுத்து, ‘நோ பிளேட்’ என்று பொறித்த தகட்டை அனுப்பி வைத்தது. அவரும் வேடிக்கையாக அதனை மாட்டிக்கொண்டார். தகடில்லாமல் கைவிடப்பட்ட வாகனங்களுக்குத் தண்டச் சீட்டு எழுதும் பொலிஸார், இலக்கத்துக்குரிய கட்டத்தில் அதே சொற்களைத்தான் எழுதுவது வழக்கம். கணினிக்கு இப்போது அந்தச் சொற்களுக்கு உரிய ஒரு வீட்டு முகவரி கிடைத்துவிட்டது. ஏறக்குறைய 2,500 தண்டச் சீட்டுகள் அவரைத் தேடி வந்தன. ஒவ்வொன்றுக்கும் அவர் விளக்கம் எழுத வேண்டியிருந்தது.

நாற்பது ஆண்டுகள் கழிந்தும் இந்த நோய் தீரவில்லை. அதே கலிபோர்னியாவில் கணினிப் பாதுகாப்புத் துறையைச் சேர்ந்த ஒருவர் 2016 இல் ‘நல்’ என்ற தகட்டை வாங்கினார். கணினி மொழியில் அது வெறுமையைக் குறிக்கும் சொல். இலக்கம் குறிக்கப்படாத சீட்டுகள் அவர் பெயரில் குவியத் தொடங்கின. 12,000 டொலருக்கு மேல் தண்டம் கேட்கப்பட்டது. அவர் விளையாட்டாக வாங்கிய வினை என்பதால் அனுதாபம் சற்றுக் குறைவுதான். எனினும், கட்டம் வெறுமையாக இருப்பதையே ஒரு மனிதனாக வாசிக்கும் இயந்திரத்தின் முன் ‘அது நானல்ல’ என்று நிரூபிக்கும் பொறுப்பு இம்முறையும் சாரதியின் தலையிலேயே விழுந்தது.

இவை தண்டப்பணத்தோடு நின்றவை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். ஏட்டுப் பிடியாணையோ கையில் விலங்கு மாட்டப் போதுமானது.

1991 ஜனவரியில், அரிசோனா மாநிலத்தின் பீனிக்ஸ் நகரில், பொலிஸ் நிலையத்துக்கு முன்னாலேயே ஒருவழிப் பாதையில் எதிர்த்திசையாகக் காரோட்டிச் சென்றவர் ஈவான்ஸ் என்பவர். தமது அனுமதிப்பத்திரம் இடைநிறுத்தப்பட்டிருப்பதை மறைக்காமல் சொன்னார். பொலிஸார் வாகனத்திலிருந்த கணினியில் பெயரைத் தட்டினர். பிடியாணை ஒன்று இருப்பதாக அது காட்டியது. முன்னைய போக்குவரத்துக் குற்றங்களுக்காக நீதிமன்றத்துக்கு வராததால் டிசெம்பரில் பிறப்பிக்கப்பட்ட ஆணை அது. ஆனால் அவர் நீதிமன்றத்தில் தோன்றியதையடுத்து அது இரத்துச் செய்யப்பட்டு 17 நாட்கள் ஆகியிருந்தன. நீதிமன்ற எழுதுவினைஞர் ஷெரிப் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் அறிவித்திருக்க வேண்டும். அறிவித்ததற்கான குறிப்பு கோவையில் இல்லை. இல்லாத ஆணையின் பேரில் கைதானவரின் காரில் கஞ்சா அகப்பட்டது. அந்தச் சான்றை ஏற்கலாமா என்ற கேள்வி அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை சென்றது.

1995 மார்ச் 1 ஆம் திகதி, ஏழுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் தீர்ப்பு வந்தது. பிழை நீதிமன்ற எழுதுவினைஞருடையது. பொலிஸார் கணினியை நல்லெண்ணத்துடன் நம்பினர். ஆகவே சான்று செல்லும். இத்தகைய தவறு மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறைதான் நேரும் என்று தலைமை எழுதுவினைஞர் சாட்சி சொல்லியிருந்தார். அதே சாட்சியத்தில் இன்னொரு தகவலும் இருந்தது. ஈவான்ஸின் கோவையைச் சரிபார்த்தபோது, அதே நாளில் அதே வகையான வேறு மூன்று தவறுகளும் நடந்திருந்தது தெரியவந்ததாம்! பெரும்பான்மை நீதியரசர்களை அது அசைக்கவில்லை. கணினியில் ஏறிய ஒரு பிழை காகிதப் பிழையைப் போல ஓரிடத்தில் கிடப்பதில்லை, பரவுகிறது என்பதை மாறுபட்ட தீர்ப்பெழுதிய நீதியரசர் ரூத் பேடர் கின்ஸ்பேர்க் சுட்டிக்காட்டினார். ஈவான்ஸ் உத்தமரல்லர் என்பது உண்மையே. ஆனால் அவரது வழக்கில் வகுக்கப்பட்ட விதி, உத்தமர்களின் வாகனங்களுக்கும் பொருந்தும்.

2004 ஜூலையில் அலபாமாவின் கொஃபி கவுண்டியில், தடுத்துவைக்கப்பட்டிருந்த தமது டிரக் வண்டியிலிருந்து பொருளொன்றை எடுத்துச் செல்ல ஹெரிங் என்பவர் ஷெரிப் அலுவலகம் சென்றார். அவரைக் கண்ட அதிகாரி, பக்கத்துக் கவுண்டியில் பிடியாணை உண்டா என்று கேட்கச் செய்தார். கணினி உண்டென்றது. அங்கிருந்த எழுதுவினைஞர் மூலப் பிரதியைத் தேடிக் கோவையைப் புரட்டினார், கிடைக்கவில்லை. அந்த ஆணை ஐந்து மாதங்களுக்கு முன்பே மீளப்பெறப்பட்டிருந்தது. பதறிப்போய் உடனே தொலைபேசியில் அழைத்தார். கேட்டதற்கும் அழைத்ததற்கும் இடையே கழிந்தது பத்துப் பதினைந்து நிமிடங்கள்தான். அதற்குள் ஹெரிங்கை வீதியில் மறித்துக் கைது செய்து, சட்டைப் பையில் போதைப்பொருளையும் வண்டியில் கைத்துப்பாக்கியையும் எடுத்துவிட்டார்கள். 2009 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அந்தச் சான்றையும் ஏற்றுக்கொண்டது. கின்ஸ்பேர்க் இம்முறையும் மாறுபட்டே எழுதினார். ஹெரிங்குக்கு விதிக்கப்பட்ட 27 மாதச் சிறைத்தண்டனை நிலைத்தது.