தும்பளையில் பிறந்த ஒரு அகராதிக்காரர்

யாழ்ப்பாணத்துப் பாடசாலை ஒன்றின் பழைய மாணவர் செய்திகளைக் கொஞ்ச நாள் தொடர்ந்து வாசித்துப் பாருங்கோ. பெரும்பாலும் மூன்று வகைதான் வரும். ஒன்று, மரண அறிவித்தல்: இன்ன ஆண்டுப் பிரிவு மாணவர், இன்ன ஊர், இன்ன நாட்டில் காலமானார், 31ஆம் நாள் நினைவுத் திருப்பலி இன்ன இடத்தில். இரண்டு, விளையாட்டு: சென் பற்றிக்ஸ் என்றால் யாழ்ப்பாணக் கல்லூரியோடு நடக்கிற பொன் அணிகளின் சமர். மூன்று, காசு: மண்டபம், மைதானம், கூரை, கணினி அறை.

இவற்றோடு வருசத்துக்கு ஒருக்கா, மே கடைசியில், இன்னொன்றும் வரும். எரிந்துபோன யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் படம். அதன் கீழே, அந்த நெருப்பைப் பார்த்த அதிர்ச்சியில் தாவீது அடிகள் உயிர் விட்டார் என்று ஒரு வரி.

அந்த ஒற்றை வரியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அந்த வரி சொல்வது உண்மை. ஆனால் ஒரு மனிதரைப் பற்றி எங்களுக்கு அந்த ஒரு வரி மட்டும்தான் தெரியும் என்றால் எங்கேயோ ஏதோ பிழைச்சிருக்கு. அவர் பருத்தித்துறைக்காரர் என்பது பருத்தித்துறையிலேயே நிறையப் பேருக்குத் தெரியாது. தும்பளையில் 1907இல் பிறந்தவர்.

முதலில் பாடசாலையைப் பார்ப்பம். பருத்தித்துறையில் பெடியங்களுக்கான பெரிய பள்ளிக்கூடம் என்றால் அது ஹாட்லி. அது மெதடிஸ்த மிஷன் தொடங்கினது. கத்தோலிக்க ஆண்கள் கல்லூரி என்று தேடினால் யாழ்ப்பாணப் பட்டினத்துக்குப் போகவேணும். இப்ப 750 பஸ் ஏறினால் முப்பது கிலோமீற்றருக்குக் கொஞ்சம் கூட. அங்கே 1850இல் ஒரு கத்தோலிக்க ஆங்கிலப் பாடசாலையாகத் தொடங்கினது, 1881இல் புனித பத்திரிசியார் கல்லூரி என்ற பெயரைப் பெற்றது. அமலமரித் தியாகிகள் சபைக் குருமார் நீண்ட காலம் நடத்தின பள்ளிக்கூடம். அதன் விருதுவாக்கு இலத்தீனில் இருக்கு. தமிழில் சொன்னால் ‘நம்பிக்கையாலும் உழைப்பாலும்’.

அந்தக் கல்லூரியோடு சேர்த்துச் சொல்லப்படும் பெயர்களில் மூன்றை மட்டும் எடுப்பம். மூன்று பேரும் குருமார்.

முதலாவது, லோங் அடிகள். அயர்லாந்துக்காரர். 1936இலிருந்து 1954 வரை அதிபர். பொது நூலகத்தின் கதையில் இவருக்குப் பெரிய இடம் உண்டு. அந்த நூலகம் அரசாங்கம் மேலிருந்து தந்த ஒன்றல்ல. க. மு. செல்லப்பா என்பவர் 1933இல் தன் வீட்டில் புத்தகங்களை வைத்துத் தொடங்கின முயற்சி அது. 1934 ஓகஸ்ட் 1ஆம் திகதி ஒரு வாடகை அறையில் 844 நூல்களோடு அது பொதுமக்களுக்குத் திறந்தது. பிறகு நகரசபை பொறுப்பெடுத்தது. ஒரு முழு நூலகக் கட்டடம் வேணும் என்று 1950களின் தொடக்கத்தில் குழு அமைத்தபோது, முதல்வர் சாம் சபாபதியோடு முன்னின்று உழைத்தவர் லோங் அடிகள். களியாட்ட விழா வைத்துக் காசு சேர்த்தார்கள். இந்திய நூலகவியலின் தந்தை எனப்படும் எஸ். ஆர். ரங்கநாதனிடம் ஆலோசனை கேட்டார்கள். சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மன் வரைபடம் தந்தார். 1954 மார்ச் 29ஆம் திகதி அடிக்கல். அந்த வருசமே லோங் அடிகள் அதிபர் பதவியை விட்டு, பிறகு அவுஸ்திரேலியா போனார். நூலகம் திறந்தது 1959 ஒக்டோபர் 11. அவர் இறந்தது 1961.

இரண்டாவது, தனிநாயகம் அடிகள். ஊர்காவற்றுறைக் கரம்பனில் 1913இல் பிறந்து, இந்தக் கல்லூரியில் படித்தவர். 1952இல் ‘தமிழ் கல்ச்சர்’ என்ற ஆங்கில ஆய்விதழைத் தொடங்கினார். 1964இல் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் உருவாக முன்னின்றார். 1966இல் கோலாலம்பூரில் முதல் மாநாடு. இவரைப் பற்றி நாங்கள் அதிகம் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. 1980 செப்டெம்பர் 1ஆம் திகதி காலமானார். நூலகம் எரிந்ததை அவர் காணவில்லை.

மூன்றாவது, அதைக் கண்டவர். தாவீது அடிகள்.

1981 யூன் 4ஆம் திகதி மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தல். மே 31ஆம் திகதி நாச்சிமார் கோயிலடியில் நடந்த தமிழர் விடுதலைக் கூட்டணிக் கூட்டத்தில் பொலிஸ்காரர் சுடப்பட்டார்கள். அன்றிரவே பொலிஸார் ஊரைக் கொளுத்தத் தொடங்கினார்கள். கடைகள், கூட்டணியின் அலுவலகம், யோகேஸ்வரன் எம்.பி.யின் வீடு, ‘ஈழநாடு’ பத்திரிகை அலுவலகம், பிறகு நூலகம். 97,000 அளவிலான நூல்கள், ஓலைச்சுவடிகள், பழைய பத்திரிகைக் கட்டுகள். கல்லூரி வளாகத்துக்கும் நூலகத்துக்கும் இடையே நடக்கிற தூரம்தான். மேல்மாடியிலிருந்து பார்த்தால் நெருப்புத் தெரியும். எழுபதைத் தாண்டிய தாவீது அடிகள் அதைப் பார்த்தார், விழுந்தார், இறந்தார்.

இந்தக் கதை ஏன் இவ்வளவு ஆழமாகப் பதிந்தது என்று யோசிச்சால், ஒரு காரணம் எனக்குப் படுகிறது. 97,000 என்பது ஒரு எண். புத்தகங்களுக்கு முகம் இல்லை. எரிந்த புத்தகத்துக்கு மரண அறிவித்தல் போட ஏலாது. அந்த இரவுக்கு ஒரு முகம் தேவைப்பட்டது. தாவீது அடிகள் அந்த முகம் ஆனார். நுஃமான் ‘புத்தரின் படுகொலை’ என்ற கவிதையில் புத்தரையே கொல்லப்பட்டவராக நிறுத்தியதும், சோமிதரன் 2008இல் ‘எரியும் நினைவுகள்’ ஆவணப்படம் எடுத்ததும் இதே தேவையின் வேறு வடிவங்கள். ஒரு சமூகம் தன் இழப்பைக் கதையாக்காமல் சுமக்க ஏலாது. அதில் பிழையில்லை.

ஆனால் முகமாக ஆகின மனிதருக்கு ஒரு நட்டம் இருக்கு. மற்றதெல்லாம் மறைஞ்சு போகும். அவருக்கு எத்தனை மொழி தெரியும் என்பதைப் பாருங்கோ. ஒரு கட்டுரையில் இருபது சொச்சம், இன்னொன்றில் முப்பது தாண்டும், இன்னும் ஒன்றில் அதுக்கும் மேலே. எண் கூடக்கூட, அந்த மொழிகளை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்தார் என்ற கேள்வி காணாமல் போகுது.

அவர் செய்தது அகராதி வேலை.

நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர் ‘சொற்பிறப்பு ஒப்பியல் தமிழ் அகராதி’ என்று ஒன்றை 1938இலிருந்து பகுதி பகுதியாக வெளியிட்டார். ஒரு தமிழ்ச் சொல்லை எடுத்து, அதை அடிப்படை ஒலி வரைக்கும் இறக்கிக் கொண்டுபோய், பிற திராவிட மொழிகளோடும் ஐரோப்பிய மொழிகளோடும் ஒப்பிடுவது அதன் வழி. 1947இல் ஞானப்பிரகாசர் காலமானபோது அகராதி முடியவில்லை. ஒரு மனிதரின் ஆயுளுக்குள் முடிகிற வேலையும் அது இல்லை. அதைக் கையில் எடுத்துத் தொடர்ந்தவர் தாவீது அடிகள். பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டே இதைச் செய்தார்.

கட்டுரைகளும் எழுதினார். தனிநாயகம் அடிகளின் ‘தமிழ் கல்ச்சர்’ இதழில் 1950களில் அவருடைய ஆங்கிலக் கட்டுரைகள் வந்தன. திராவிடரின் ஆதித் தாயகம் எது என்பதைப் பற்றி ஒன்று, கிடைத்திருக்கும் மிகப் பழைய தமிழ்ப் பாடல்களைப் பற்றி இன்னொன்று. ஒரே கல்லூரியோடு தொடர்புள்ள இரண்டு குருமார், ஒருவர் நடத்தின இதழில் மற்றவர் எழுதினது.

இந்த எழுத்தெல்லாம் இன்றைக்கு எப்படி நிற்கும்? நேர்மையாகச் சொல்லவேணும். 1961இல் பறோவும் எமனோவும் ஒக்ஸ்ஃபோட்டில் திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியை வெளியிட்டார்கள். உலகப் பல்கலைக்கழகங்கள் அந்த வழியைத்தான் எடுத்துக்கொண்டன. அவர்கள் திராவிட மொழிகளுக்குள் இனச்சொற்களை அடுக்கினார்கள், அதுக்கு அப்பால் போக அவசரப்படவில்லை. ஞானப்பிரகாசரின் வழி தமிழ் வேர்களையும் ஐரோப்பிய மொழிகளையும் துணிச்சலாக இணைத்தது. இன்றைய மொழியியல் மாணவர் அதில் நிறைய இடங்களில் தலையை ஆட்டமாட்டார். திராவிடரின் ஆதித் தாயகம் பற்றிய 1950களின் ஊகங்களும் அப்படித்தான்.

அப்ப எதுக்கு வாசிக்கிறது? வாசித்தால்தான் அவரோடு முரண்படலாம். ஒரு அறிஞருக்கு ‘இந்தச் சொல்லில் நீங்கள் சொன்னது சரியில்லை, இதில் சரி’ என்று சொல்வதைவிட வேறு மரியாதை என்ன இருக்கு? நாங்கள் அவருக்கு மெழுகுதிரி கொளுத்துகிறோம், ஆனால் அவர் எழுதினதில் ஒரு பக்கத்தைத் திறந்து சண்டை பிடித்ததில்லை. விருதுவாக்கில் ‘நம்பிக்கை’ பாதிக்கு நினைவுத் திருப்பலி இருக்கு. ‘உழைப்பு’ பாதிக்கு எங்களிடம் ஒன்றும் இல்லை.

இதுக்குப் பழைய மாணவர்களைக் குற்றம் சொல்லிப் போட்டுப் போக ஏலாது. அவர்களின் செய்திகள் ஏன் அந்த மூன்று வகையிலேயே நிற்கின்றன என்பதுக்கும் ஒரு வரலாறு இருக்கு. 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் அரசாங்கம் உதவிபெறும் பாடசாலைகளைப் பொறுப்பேற்றது. தனியாக நிற்போம் என்று முடிவெடுத்த சில கத்தோலிக்கப் பாடசாலைகளில் பத்திரிசியாரும் ஒன்று. அப்படி நின்ற பாடசாலைகள் அரசாங்கக் காசையும் இழந்தன, பிள்ளைகளிடம் கட்டணம் வாங்கவும் சட்டம் விடவில்லை. நன்கொடைதான் வழி. பிறகு போர் வந்தது. படித்தவர்கள் லண்டன், ரொறொன்ரோ, சிட்னி என்று சிதறினார்கள். அங்கே சங்கங்கள் கிளைவிட்டன. காசு சேர்க்கிற சங்கத்துக்குக் கட்டடம் கண்ணுக்குத் தெரியும், கோப்பை கண்ணுக்குத் தெரியும், அதிபர்மார் படத்தில் தெரிவார்கள். மேசையில் இருந்து சொற்களுக்கு அட்டை எழுதின வாத்தியார் எந்தப் படத்தில் தெரிவார்? லோங் அடிகளுக்கு ஒரு கட்டடக் கதை இருக்கு. தனிநாயகம் அடிகளுக்கு மாநாடுகள் இருக்கு. தாவீது அடிகளுக்கு நினைவில் நிற்கக் கிடைத்தது ஒரு நெருப்பு மட்டும்.

இன்னொரு நெருப்பையும் சொல்லாமல் விட ஏலாது. 1984 செப்டெம்பரில் பருத்தித்துறையில் ஹாட்லிக் கல்லூரியின் நூலகமும் ஆய்வுகூடமும் பாதுகாப்புப் படையினரால் எரிக்கப்பட்டன. யாழ்ப்பாண நூலகம் எரிந்து மூன்று வருசம்தான். வடமராட்சிப் பெடியங்களின் தலைமுறைகள் படித்த புத்தகங்கள் அவை. அதுக்கு ஒரு முகம் கிடைக்கவில்லை, அதனால் வெளியில் யாரும் அதைப் பற்றிக் கதைக்கிறதும் குறைவு. எங்கட ஊரே அதை ‘அந்தக் காலத்துப் பிரச்சினை’ என்ற சொல்லுக்குள் போட்டு மூடிவிட்டது. தாவீது அடிகளின் ஊர் என்றாவது தும்பளையையும் ஹாட்லியையும் ஒரே மூச்சில் சொல்லத் தொடங்கினால், பருத்தித்துறைக்கும் புத்தகம் எரிந்த வரலாறு இருக்கு என்பது அடுத்த தலைமுறைக்குத் தெரியும்.

இதில் அவசரம் ஒன்று இருக்கு. அவரிடம் வகுப்பில் இருந்து படித்தவர்களுக்கு இப்ப வயது அறுபதைத் தாண்டி, பலருக்கு எழுபதும் தாண்டியிருக்கும். அவர் எப்படிப் படிப்பித்தார், கரும்பலகையில் ஒரு சொல்லை எப்படிப் பிரித்துக் காட்டினார், கோபக்காரரா, பகிடிக்காரரா, அகராதிக்கு ஊர்ச் சொற்களை மாணவரிடம் கேட்டாரா என்பதெல்லாம் அவர்கள் தலைக்குள் மட்டும் இருக்கு. பழைய மாணவர் செய்திகளில் வருகிற ஒவ்வொரு மரண அறிவித்தலும் ஒரு சாட்சி குறைந்ததற்கான அறிவித்தல்தான்.

நூலகம் நிறுவனம் 2005இலிருந்து ஈழத்து நூல்களையும் இதழ்களையும் எண்ணிமப்படுத்தி இணையத்தில் இலவசமாக வைக்கிறது. நினைவு மலர்கள், பாடசாலை மலர்கள்கூட அதில் நிறைய இருக்கு. எங்கட வீடுகளில் அலுமாரிக்கு மேல் தூசு படிந்து கிடக்கிற பழைய கல்லூரிச் சஞ்சிகை ஒன்றைக் கொடுத்து ஸ்கான் பண்ணுவிக்கிறது பெரிய வேலை இல்லை. அப்பாவோ பெரியப்பாவோ சென் பற்றிக்ஸில் படித்தவர் என்றால், கைபேசியைப் பக்கத்தில் வைத்து ஒரு அரை மணித்தியாலம் கதைக்க விடுங்கோ. மட்ச் கதையில்தான் தொடங்குவார்கள். பரவாயில்லை, அது முடிய வாத்தியார்மார் வருவார்கள்.

வருகிற மே 31க்கும் அந்தப் படம் வரும், அந்த வரியும் வரும். அதோடு இந்த முறை அவர் தொடர்ந்த அகராதியிலிருந்து ஒரே ஒரு சொல்லைப் போட்டுப் பாருங்கோ. வேர் இது என்று அவர் சொல்கிறார், நீங்கள் என்ன நினைக்கிறீங்கள் என்று கேளுங்கோ. கீழே நாலு பேர் அவரோடு மல்லுக்கு நின்றால், நாற்பது வருசத்துக்குப் பிறகு அவரை யாரோ வாசிக்கத் தொடங்கியிருக்கினம் என்று அர்த்தம்.