மானியமும் பருத்தி உழவரும்

நாம் உடுத்தும் பருத்தி ஆடையின் விலையை அறிவோம். அப்பருத்தியை விளைவித்தவருக்கு என்ன கிடைத்தது என்று கேட்பதில்லை. அக்கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு. அதனை இன்று பார்ப்போம்.

ஆப்பிரிக்காவில் பெனின், புர்க்கினா பாசோ, மாலி, சாட் என்று நான்கு ஏழை நாடுகள் உள்ளன. அங்கே பருத்தியை ‘வெள்ளைத் தங்கம்’ என்பார்கள். ஒரு குடும்பம் சில ஏக்கரில் மழையை நம்பிப் பயிரிட்டுக் கையாலேயே பஞ்சு பறிக்கும். விதையும் உரமும் கடனாக வரும். அறுவடையின்போது அக்கடன் கழிக்கப்படும். மிஞ்சுவதே பள்ளிச் செலவுக்கும் மருந்துக்கும் உரிய பணம்.

இனி அமெரிக்காவுக்கு வருவோம். 1929-இல் தொடங்கிய பொருளாதார மந்தத்தில் அந்நாட்டு உழவரும் நொடித்துப் போயினர். 1933-இல் அதிபர் ரூஸ்வெல்டின் அரசு, பயிர்ப்பரப்பைக் குறைத்தால் பணம் தருவதாகச் சட்டம் இயற்றியது. அவ்வாண்டு சுமார் ஒரு கோடி ஏக்கர் பருத்தி உழுது அழிக்கப்பட்டது. நலிந்தவரைக் காத்த உதவி அது. அதில் குறை காண்பதற்கில்லை. ஆனால் மந்தம் நீங்கிய பின்னும் மானியம் நீங்கவில்லை. அதன் தன்மையும் காலப்போக்கில் மாறியது. விலை விழுந்தால் அக்குறையை அரசே ஈடுசெய்யும் முறை வந்தது.

சந்தையில் இரண்டு கடைகள் இருப்பதாகக் கொள்வோம். ஒருவருக்கு நட்டம் வந்தால் அவருடைய தந்தை அதை நிரப்பிவிடுகிறார். மற்றவருக்கு அப்படி யாருமில்லை. விலை விழும்போது கடையை மூடுபவர் யார்?

2001-2002 பருவத்தில் உலகப் பருத்தி விலை ஏறத்தாழ முப்பது ஆண்டுகளில் காணாத அளவுக்குச் சரிந்தது. செயற்கை இழைகளின் போட்டி போன்ற வேறு காரணங்களும் உண்டு. எனினும், அப்போது உலகின் மிகப் பெரிய பருத்தி ஏற்றுமதியாளராக இருந்த அமெரிக்காவில் பயிர் குறையவில்லை. அங்கே சுமார் 25,000 பருத்திப் பண்ணைகளுக்கு ஏறத்தாழ 3 பில்லியன் டாலர் மானியம் கிடைத்தது. மாலியிலோ, அதற்கு முந்திய பருவத்திலேயே உழவர் பலர் விலை கட்டாதென்று பருத்தி விதைக்க மறுத்திருந்தனர். விளைச்சல் ஏறத்தாழப் பாதியாகியது.

2003 ஜூனில் புர்க்கினா பாசோவின் அதிபர் கொம்பாவோரே ஜெனீவாவுக்கே சென்று, உலக வணிக அமைப்பின் முன் நான்கு நாடுகளின் முறையீட்டை எடுத்துரைத்தார். அவர்கள் கேட்டது நன்கொடையன்று. மானியத்தை நீக்குங்கள் என்பதே. அவ்வாண்டு செப்டம்பரில் மெக்சிகோவின் கான்குன் நகரில் கூடிய மாநாடு முடிவின்றிக் கலைந்தது.

இதற்கிடையில், 2002-இல் பிரேசில் தொடுத்த வழக்கு நடந்தது. 2005-இல் மேல்முறையீட்டிலும் பிரேசிலே வென்றது. அமெரிக்கா போதிய அளவு திருந்தாததால், 2009-இல் அதன் பொருள்கள்மீது பதில் நடவடிக்கை எடுக்கப் பிரேசிலுக்கு அனுமதி கிடைத்தது. அதைத் தவிர்க்க, ஆண்டுக்கு 147.3 மில்லியன் டாலர் பிரேசில் பருத்தி விவசாயத்துக்குத் தர அமெரிக்கா 2010-இல் இசைந்தது. 2014-இல் மேலும் 300 மில்லியன் டாலருடன் வழக்கு முடிந்தது.

பெனினும் சாடும் அவ்வழக்கில் மூன்றாம் தரப்பாகவே நின்றன. அப்பணம் அவற்றுக்கு நேராக வழங்கப்படவில்லை. பிரேசில் வரியை உயர்த்தினால் அமெரிக்க வணிகருக்கு வலிக்கும். பெனின் உயர்த்தினால் யாருக்கு வலிக்கும்? 2015-இல் நைரோபி மாநாடு, ஏற்றுமதிக்கென்றே தரும் மானியங்களை நிறுத்த முடிவு செய்தது. உள்நாட்டு மானியத்தைக் குறைப்பது பற்றி அங்கும் உடன்பாடு எட்டவில்லை.

நேயர்களே, தன் உழவரைக் காப்பது எந்த அரசுக்கும் கடமையே. அக்காவலின் சுமை வேறொரு நாட்டு ஏழையின் தோளில் இறங்கும்போதுதான் அது அநீதியாகிறது. பருத்தி வழக்கில் நீதி வழங்கப்பட்டது உண்மை. ஆனால் அது திருப்பி அடிக்கக் கூடியவரிடமே போய்ச் சேர்ந்தது. இதனை நாம் மறக்கலாகாது.