குழந்தையின் மதியத் தூக்கமும் ஒரு நாள் டிக்கெட்டும்

இது கொஞ்சம் நீளமான பதிவு. பேரன் பேத்திகளோடு விடுமுறைக்குக் கிளம்ப இருப்பவர்கள் பொறுமையாகப் படித்துவிடுங்கள்.

போன கோடையில் கலிஃபோர்னியாவில் மகள் வீட்டில் இருந்தேன். ஒரு சனிக்கிழமை எல்லோருமாக ஒரு பெரிய தீம் பார்க்குக்குப் போனோம். இரண்டு நாளுக்கு டிக்கெட் வாங்கியிருந்தார்கள். பேத்திக்கு இரண்டரை வயது. வீட்டில் தினமும் பன்னிரண்டரைக்குச் சாப்பிட்டுவிட்டு இரண்டு மணி நேரம் தூங்குகிற பிள்ளை. அன்று மதியம் ஒரு மணிக்கு ஒரு ரைடின் வரிசையில் நின்றோம். எங்கள் முறை வர இன்னும் நாற்பது நிமிடம். குழந்தை முதலில் கண்ணைக் கசக்கினாள். பிறகு தொப்பியைக் கழற்றி எறிந்தாள். கடைசியில் தரையில் படுத்துப் புரண்டு அழுதாள்.

"ரூமுக்குப் போய்த் தூங்க வச்சுக் கூட்டிட்டு வரலாமே" என்றேன். ஹோட்டல் பக்கத்தில்தான். மாப்பிள்ளை தங்கமானவர். மெதுவாகத்தான் சொன்னார்: "இல்லத்தை, ஆளுக்கு இவ்வளவு டாலர் கட்டியிருக்கோம். ரூம்ல போய்த் தூங்கவா வந்தோம்?"

எனக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை. பைசா பார்த்துச் செலவு செய்து வளர்ந்தவள்தானே நானும். குழந்தை ஐந்து மணிக்கு ஸ்ட்ரோலரில் சரிந்து தூங்கினாள். எல்லோரும் காத்திருந்த ஊர்வலம், வாணவேடிக்கை எல்லாம் அவள் தூக்கத்திலேயே முடிந்தன. இரவு ஒன்பதரைக்கு ஹோட்டலில் விழித்தவள் பன்னிரண்டு வரை எங்களைத் தூங்க விடவில்லை.

அந்த விழிப்பில்தான் யோசித்தேன். நம் ஊர்த் திருவிழாவில் எந்தத் தாயும், "கொடுத்த காசு வீணாகிவிடும், குழந்தை தூங்கக் கூடாது" என்று நினைத்ததில்லை. மரக்கிளையிலோ மாட்டு வண்டியின் அடியிலோ பழைய புடவையில் தூளி கட்டிப் போட்டுவிடுவார்கள். குழந்தை எழுந்ததும் ராட்டினம். பால்வாடியில்கூட மதியச் சாப்பாடு முடிந்ததும் பாயை விரித்துப் படுக்க வைப்பது வழக்கம். அப்படியானால் மாப்பிள்ளை சொன்ன அந்த வாக்கியம் எங்கிருந்து வந்தது? முப்பது வருடம் வரலாறு சொல்லிக் கொடுத்தவளுக்கு அதைத் தேடிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. தேடியதில், அதற்கும் ஒரு வரலாறு இருந்தது.

பழைய ஐரோப்பாவின் கேளிக்கைத் தோட்டங்களில் இந்தச் சிக்கலே பெரிதாக எழவில்லை. லண்டனின் வாக்ஸ்ஹால் தோட்டம் 17ஆம் நூற்றாண்டில் தொடங்கி 1859 வரை நடந்தது. ஆயிரக்கணக்கான விளக்குகள், இசை, சாப்பாடு, உலாவல் என்று அது பெரியவர்களின் மாலை நேரப் பொழுதுபோக்கு. கைக்குழந்தையை மனதில் வைத்து அதை யாரும் அமைக்கவில்லை.

குழந்தையோடு வரும் தாயை ஒரு பெரிய பொருட்காட்சி எப்படிக் கணக்கில் எடுத்துக்கொண்டது என்பதற்கு 1893ஆம் ஆண்டின் சிகாகோ உலகப் பொருட்காட்சி நல்ல உதாரணம். சுவாமி விவேகானந்தர் பேசிய சர்வமத மாநாடு நடந்ததே, அதே பொருட்காட்சிதான். சுமார் 80 மீட்டர் உயரமுள்ள முதல் ஃபெர்ரிஸ் சக்கரம் சுழன்றதும் அங்கேதான். நம் ஊரில் ஜெயன்ட் வீல் என்கிறோமே, அதற்கு அதுதான் மூதாதை. அந்தப் பொருட்காட்சியில் 'குழந்தைகள் கட்டடம்' என்று ஒன்று எழும்பியது. பெர்த்தா பால்மர் தலைமையில் இருந்த பெண்கள் குழு அதற்கு முன்நின்றது. உடற்பயிற்சிக் கூடம், நூலகம், மழலையர் வகுப்பு ஆகியவற்றோடு கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு காப்பகமும் அதில் இருந்தது. தாய் குழந்தையை அங்கே விட்டுவிட்டுக் காட்சிகளைப் பார்த்து வரலாம். அத்தனை பெரிய மைதானத்தில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நாள் முழுக்க நடக்க முடியாது என்பது அந்தப் பெண்களுக்குத் தெரிந்திருந்தது.

பத்து வருடம் கழித்து, நியூயார்க்கின் கோனி ஐலண்டில் ஒரு விசித்திரம் நடந்தது. 1903 முதல் அங்கிருந்த லூனா பார்க் என்ற கேளிக்கைப் பூங்காவில், குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளை இன்குபேட்டரில் வைத்துக் காட்சியாக்கினார் மார்ட்டின் கூனி என்பவர். பார்க்கிறவர்களிடம் 25 சென்ட் கட்டணம். குழந்தைகளின் பெற்றோரிடம் ஒரு பைசா வாங்கவில்லை. டிக்கெட் பணத்தில்தான் தாதியர் சம்பளமும் பராமரிப்பும் நடந்தன. பெரும்பாலான மருத்துவமனைகளில் இந்தக் கருவியே இல்லாத காலம் அது. ஆயிரக்கணக்கான குழந்தைகள் அங்கே பிழைத்தார்கள். 1943இல்தான் அந்தக் காட்சி கோனி ஐலண்டில் முடிவுக்கு வந்தது. எனக்குத் தோன்றியது இதுதான்: கண்ணாடிக்குள் நிம்மதியாகத் தூங்குகிற குழந்தையைக் காசு கொடுத்துப் பார்த்த கூட்டத்தில், தன் குழந்தையைத் தூங்க வைக்க இடமில்லாமல் தோளில் போட்டுக்கொண்டு நின்ற தாய்மாரும் இருந்திருப்பார்கள்.

அடுத்தது வால்ட் டிஸ்னி. லாஸ் ஏஞ்சலிஸின் கிரிஃபித் பார்க்கில் மகள்கள் இருவரும் குதிரை ராட்டினத்தில் சுற்ற, அவர் பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருப்பாராம். பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து மகிழ ஓர் இடம் வேண்டும் என்ற எண்ணம் அந்தப் பெஞ்சில் பிறந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். 1955 ஜூலை 17 அன்று டிஸ்னிலாண்ட் திறந்தது. அன்று கடுமையான வெயில். புதிதாகப் போட்ட தார் இளகிப் பெண்களின் குதிகால் செருப்புகள் அதில் புதைந்தன. குடிநீர்க் குழாய்களும் போதவில்லை. குழந்தைகளோடு வந்தவர்கள் என்ன பாடு பட்டிருப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அன்றைக்கு உள்ளே நுழையப் பெரியவர்களுக்கு 1 டாலர், சிறுவர்களுக்கு 50 சென்ட். ரைடுகளுக்குத் தனித்தனியாகக் காசு. சில மாதங்களில் கூப்பன் புத்தகம் வந்தது. A, B, C என்று தரம் பிரித்த சீட்டுகள். பிறகு D, 1959இல் E. பெரிய ரைடுக்கு E சீட்டு, சின்ன ராட்டினத்துக்கு A சீட்டு. பயன்படுத்தாத சீட்டைப் பத்திரமாக வைத்திருந்து அடுத்த முறை கொண்டுவரலாம். அமெரிக்காவில் பல வீடுகளின் மேசை இழுப்பறைகளில் மிச்சச் சீட்டுகள் வருடக்கணக்கில் கிடந்தன.

இந்த முறையில் குழந்தை தூங்கினால் என்ன நஷ்டம்? ஒன்றுமில்லை. ஏறாத ரைடுக்குக் காசு போகாது. சீட்டு கெட்டுப்போகாது. நம் ஊர்த் திருவிழா ராட்டினத்தின் கணக்கும் இதுதான்.

மாறியது எங்கே? ஒரே கட்டணத்தில் எல்லாவற்றையும் அனுபவிக்கலாம் என்ற முறையில். இதற்கு முன்னோடி பழையதுதான். கோனி ஐலண்டில் ஜார்ஜ் டில்யூ 1897இல் திறந்த ஸ்டீபிள்சேஸ் பார்க்கில், பல விளையாட்டுகளுக்கும் சேர்த்து ஒரே டிக்கெட் விற்றார். 1961இல் டெக்சஸில் திறந்த சிக்ஸ் ஃப்ளாக்ஸ் பூங்கா ஒரே நுழைவுக் கட்டணத்தை வழக்கமாக்கியது. 1982இல் டிஸ்னிலாண்டும் கூப்பன் புத்தகத்தைக் கைவிட்டு, ஒரு நாள் முழுவதற்கும் ஒரே டிக்கெட் என்று மாறியது.

நல்ல வசதிதான், மறுக்கவில்லை. ஒவ்வொரு ரைடுக்கும் பர்ஸைத் திறக்க வேண்டாம். "அதுக்குச் சீட்டு இல்லடா கண்ணா" என்று பிள்ளையை ஏமாற்ற வேண்டாம். ஆனால் அன்றிலிருந்து நாம் வாங்குவது நேரத்தை. மொத்தப் பணத்தையும் வாசலிலேயே கொடுத்துவிட்டதால், உள்ளே கழிகிற ஒவ்வொரு மணிக்கும் மனது விலை போட ஆரம்பித்துவிட்டது. இரண்டு மணி நேரத் தூக்கம் இவ்வளவு டாலர் என்று கணக்கு ஓடுகிறது. மாப்பிள்ளையின் வாக்கியம் இங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். இதில் ஒரு வேடிக்கை: டிஸ்னி பூங்காக்களில் மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு டிக்கெட்டே கிடையாது. யாருக்காகப் போகிறோமோ அந்தக் குழந்தைக்கு ஒரு பைசா செலவில்லை. பெரியவர்கள் கட்டிய பணத்துக்குக் குழந்தை தன் தூக்கத்தைக் கொடுத்து ஈடுகட்டுகிறது.

சரி, ஒரு நாள் தூங்காவிட்டால் குடியா முழுகிவிடும் என்று கேட்கலாம். முழுகாது. ஆனால் போட்ட பணத்துக்குப் பலன் குறையும். விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் தூக்கத்துக்கான அழுத்தம் ஏறிக்கொண்டே போகிறது. சிறு குழந்தைகளுக்கு அது வேகமாக ஏறுகிறது. அதனால்தான் அவர்களால் ஒரே மூச்சில் நாள் முழுக்க விழித்திருக்க முடிவதில்லை. ஒன்று முதல் இரண்டு வயது வரை ஒரு நாளைக்கு 11 முதல் 14 மணி நேரமும், மூன்று முதல் ஐந்து வயது வரை 10 முதல் 13 மணி நேரமும் தூக்கம் வேண்டும் என்கிறது அமெரிக்க உறக்க மருத்துவ அகாதெமி. பகல் தூக்கமும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு.

2012இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு என்னை யோசிக்க வைத்தது. இரண்டரை முதல் மூன்று வயதுக் குழந்தைகள் சிலரை ஒரு நாள் மதியம் தூங்க வைத்தும், இன்னொரு நாள் தூங்க விடாமலும் படப்புதிர் அடுக்கச் சொன்னார்கள். தூங்காத நாளில், அடுக்கவே முடியாத புதிரைக் கண்டு குழந்தைகள் அதிகம் எரிச்சல்பட்டார்கள். இது எதிர்பார்த்ததுதான். ஆனால் சரியாக அடுக்கி முடித்த புதிருக்கும் அவர்கள் முகத்தில் சந்தோஷம் குறைவாகவே இருந்தது. தூக்கம் கெட்ட குழந்தைக்கு அழுகை கூடுவது நமக்குத் தெரியும்; மகிழ்ச்சியும் சேர்ந்து குறைவது நம் கண்ணில் படுவதில்லை. தீம் பார்க்கில் நாம் விலை கொடுத்து வாங்குவதே அந்த மகிழ்ச்சியைத்தானே?

இதற்கு வழிகளும் வரலாற்றிலேயே இருக்கின்றன. 1960களில் ஓவன் மெக்ளாரன் என்ற ஓய்வுபெற்ற ஆங்கிலேய விமானப் பொறியாளர், பேரக்குழந்தையின் கனமான தள்ளுவண்டியோடு மகள் பயணத்தில் திண்டாடுவதைக் கண்டார். ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் சக்கர அமைப்பில் வேலை செய்தவர் அவர். அந்த அனுபவத்தில், குடை போல மடங்கும் அலுமினிய ஸ்ட்ரோலரை வடிவமைத்து 1965இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். எடை மூன்று கிலோகூட இல்லை. தூளியைப் போல, போகிற இடத்துக்கெல்லாம் கூடவே வரும் படுக்கை அது.

இரண்டாவது, 1971 அக்டோபர் 1 அன்று ஃப்ளோரிடாவில் திறந்த வால்ட் டிஸ்னி வேர்ல்ட். கலிஃபோர்னியாவில் பூங்காவைச் சுற்றி மற்றவர்கள் ஹோட்டல் கட்டிச் சம்பாதித்ததைப் பார்த்த நிறுவனம், இங்கே பெரும் நிலப்பரப்பை வாங்கித் தன் ஹோட்டல்களையே கட்டியது. மோனோரயில் ஒரு ஹோட்டல் கட்டடத்துக்குள்ளேயே புகுந்து போகும். நோக்கம் வியாபாரம்தான். ஆனாலும் மதியம் அறைக்குப் போய்ப் படுத்துவிட்டு மாலையில் திரும்பி வருவது அதனால் சுலபமானது.

மறுநாள் நான் கொஞ்சம் பிடிவாதம் பிடித்தேன். "மாப்பிள்ளை, இன்னிக்கு ஒரு நாள் என் பேச்சைக் கேளுங்க" என்றேன். செய்தது இவ்வளவுதான். காலையில் வாசல் திறக்கும்போதே உள்ளே போனோம். வெயிலும் கூட்டமும் ஏறுமுன் குழந்தைக்குப் பிடித்த நாலைந்து ரைடுகளை முடித்தோம். பதினொன்றரைக்குச் சாப்பாடு. பன்னிரண்டரைக்கு அறையில் திரையை இழுத்துவிட்டுப் படுக்க வைத்தோம். நான்கு மணிக்கு, மற்றக் குழந்தைகள் அழுதுகொண்டு வெளியே வருகிற நேரத்தில், எங்கள் பிள்ளை துள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

அன்றே வெளியே போய்த் திரும்பி வர உங்கள் டிக்கெட்டில் அனுமதி உண்டா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். அறை தூரமாக இருந்தால், சாய்த்துப் படுக்க வைக்கும் ஸ்ட்ரோலரை எடுத்துக்கொண்டு, வழக்கமான தூக்க நேரத்துக்கு அரை மணி முன்பே நிழலான, சத்தம் குறைந்த இடத்துக்குப் போய்விடுங்கள். அழ ஆரம்பித்த பிறகு தேடினால் நேரம் கடந்துவிடும். வெயில் படுகிறதே என்று ஸ்ட்ரோலரைத் துணியால் முழுக்க மூடாதீர்கள். காற்றுப் போகாமல் உள்ளே சூடு ஏறிவிடும். வீட்டில் தூங்கும்போது கட்டிக்கொள்ளும் பொம்மையோ போர்வையோ கூடவே இருக்கட்டும். ஆறு, ஏழு வயது அண்ணனோ அக்காவோ கூட இருந்தால் எல்லோரையும் இழுத்துக்கொண்டு போக வேண்டாம். ஒருவர் சின்னதோடு அறைக்கு, இன்னொருவர் பெரியதோடு ரைடுக்கு.

அன்று இரவு வாணவேடிக்கையைப் பேத்தி மாப்பிள்ளையின் தோளில் உட்கார்ந்து பார்த்தாள். ஒவ்வொரு வெடிக்கும் கை தட்டினாள். "நேத்தும் இதேதானே அத்தை நடந்துச்சு? நாம பார்க்கவே இல்லையே!" என்றார் அவர்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அன்று மதியம் அறையில் குழந்தை கண்ணயர்ந்த ஐந்தாவது நிமிடம், பக்கத்தில் படுத்திருந்த மாப்பிள்ளையும் குறட்டைவிட்டுத் தூங்கிப்போனார். இரண்டு மணி நேரம். நான் எழுப்பவில்லை.